நூறு எம்பிக்கு வெட்டு

ஒரு ரத்த வங்கி. அதன் சர்வர் அறைக்குப் பொறுப்பு நஸீமா, வயது இருபத்தொன்பது. அவரிடம் தொழில் கற்கிறவர் ஞானதீபம், வயது ஐம்பத்திரண்டு. ஸ்டோரிலிருந்து மாறி வந்தவர். ஆறு மாதமாகியும் மண்டையில் ஒன்றும் ஏறவில்லையே என்று அவருக்குத் தன்மேலேயே எரிச்சல். அன்று காலை, பழைய வேலைக்கே அனுப்பிவிடுங்கள் என்று ஒரு கடிதம் எழுதி நஸீமா மேஜையில் வைத்துவிட்டார்.

பத்தரைக்கு டிஸ்க் நிரம்பி எல்லாம் நின்றது. பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு பிரசவக் கேஸ், அரிய வகை ரத்தம். "நான் தருகிறேன்" என்று யாரோ மெசேஜ் அனுப்பியிருக்கிறார். கவுன்டரில் அவர் நம்பரைக் குறிப்பதற்குள் ஸ்கிரீன் உறைந்துபோனது.

"மெசேஜ் பதிவாகுற ஃபைல்தான் மேடம், நாற்பது ஜிபி! நூறு எம்பிக்கு வெட்டிடறேன். பழசு போகும், புதுசு நிக்கும். போறதுக்கு முன்னாடி இதையாவது நானே முடிக்கிறேன்."

கட்டளையை அடித்துவிட்டார். என்டர்தான் பாக்கி.

"ஒரு நிமிஷம்ணே."

நஸீமா கடிதத்தை எடுத்தார். பாதியாகக் கிழித்தார். கீழ்ப்பாதியைக் காகிதம் அரைக்கிற மெஷினில் விட்டார். மேல்பாதியை நீட்டினார்.

"பாதிக்கு வெட்டியாச்சு. படிங்க."

ஞானதீபத்துக்குக் கோபம் வந்தது. ஆனாலும் படித்தார். "மதிப்பிற்குரிய மேடம், வணக்கம். நான் இருபத்தாறு வருடங்களாக..."

"என்ன கேட்டிருக்கீங்க?"

"ஒண்ணும் கேக்கலையே. கேட்டதெல்லாம் கடைசியிலதானே இருந்துச்சு..."

அடித்து வைத்த கட்டளையைத் திரும்பிப் பார்த்தார்.

"ஐயையோ! இது தலையை வெச்சுக்கிட்டு வாலையா வெட்டும்? புது மெசேஜெல்லாம் வால்லதானே இருக்கு!"



ஞானதீபம் அடித்ததை அழித்தார். ஃபைலின் கடைசி நூறு வரிகளை வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்தார். திறந்து, எல்லா வரியும் இருக்கிறதா என்று பார்த்தார். அதற்குப் பிறகுதான் அந்த ஃபைலைப் பூஜ்யத்துக்கு வெட்டினார். ஒரு எழுத்துக்கும் நஸீமாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசிக்கு மூன்று வரி மேலே அந்த நம்பர் இருந்தது. கவுன்டர்வரை ஓடிப்போய்ச் சொன்னார்.

பதினொன்றேகாலுக்குக் கொடையாளர் வந்து படுத்தார். அவர் கையில் ஊசி ஏறுவதைக் கண்ணால் பார்த்த பிறகே ஞானதீபம் திரும்பி வந்தார். பாதிக் கடிதம் மேஜையிலேயே கிடந்தது.

"மேடம், இதோட மீதி..."

"அடடா, காப்பி எடுக்காமலே வெட்டிட்டேனே அண்ணே," என்றார் நஸீமா. "போய் உங்க சீட்ல உக்காருங்க."