ஊதாத்துரையும் கண்ணாடி அரண்மனையும்

அந்தக் கடல் முழுவதும் தனக்கே சொந்தம் என்று ஊதாத்துரைக்கு நினைப்பு.

அப்படி ஒன்றும் பெரிய கடல் இல்லை. இன்னாசி என்பவர் வீட்டு ஹாலில், டிவி இருக்க வேண்டிய இடத்தில் இருந்த கண்ணாடித் தொட்டிதான். ஆனால் அதற்குள் உப்புத் தண்ணீர் உண்டு. குட்டி அலை உண்டு. பாறை உண்டு. பாறை மேல் உயிருள்ள பவளங்கள் உண்டு. கடலில் ஒடித்துக்கொண்டு வந்த பவளங்கள் அல்ல. செடிக்குப் பதியம் போடுவதுபோல, பண்ணையில் துண்டு வைத்து வளர்த்தவை.

ஊதாத்துரை ஒரு குள்ள ஏஞ்சல்மீன். ஆள் கட்டைவிரல் நீளம்தான். உடம்பெல்லாம் ஊதா, வயிறு மட்டும் ஆரஞ்சு. கன்னத்தில் ஒரு கூர்மையான முள். கோபம் வந்தால் முதலில் அந்த முள்ளைத்தான் காட்டும்.

குள்ள ஏஞ்சல்மீன்களுக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. பாறையில் பாசி மேயும். சில சமயம் புத்தி மாறிப் பவளத்தின் சதையைக் கொத்தும். எல்லாம் கொத்துவதில்லை. எது கொத்தும், எது கொத்தாது என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஊதாத்துரை வந்த அன்றே மீசை இறால் அதைக் கூப்பிட்டு எச்சரித்தது. மீசை இறால்தான் அந்தத் தொட்டிக்கு நாவிதர். மீன்களின் செதிலில் ஒட்டிய அழுக்கைக் கொத்தி எடுப்பது அதன் தொழில். ஊர்ப்பேச்செல்லாம் அதன் கடையில்தான்.

"இங்க ஒரே சட்டம்தான், துரை! பவளத்துல வாய் வச்சா வெளியே போகணும். உனக்கு முன்னாடி இருந்த மஞ்சள் ஏஞ்சல் அப்படித்தான் போச்சு!"

"நான் வாய் வைப்பேனா? சேச்சே!" என்றது ஊதாத்துரை.

சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தது. பாசியை மட்டும் மேய்ந்தது. அது தூங்கும் பொந்து, பவளக்கா என்ற பெரிய மூளைப் பவளத்துக்குப் பின்னால் இருந்தது. வந்த புதிதில் மற்ற மீன்கள் ஊதாத்துரையைத் துரத்தியபோது, பவளக்காதான் தன் சதையை உப்ப வைத்துப் பொந்தின் வாசலை மறைத்துக் காப்பாற்றியது. நல்ல இடம், நல்ல அண்டை வீடு. இதற்கு மேல் ஒரு மீனுக்கு என்ன வேண்டும்?

இருந்தும் ஒருநாள் கெட்டது குடி.

அன்று இன்னாசி ஒரு பாலிதீன் பையோடு வந்தார். உள்ளே இன்னொரு குள்ள ஏஞ்சல்மீன். கனகாம்பரப் பூவின் நிறம், மேலே நாலைந்து கறுப்புக் கோடுகள். அதனால் அதற்குக் கனகாம்பரம் என்றே பெயர் ஆயிற்று. இன்னாசி அதைத் தண்ணீரில் நேராக விடவில்லை. கண்ணாடி போலத் தெளிவான ஒரு பிளாஸ்டிக் பெட்டியைத் தொட்டிக்குள் தொங்கவிட்டு, அதற்குள் விட்டார்.

"ஏன் பெட்டிக்குள்ள அடைக்கிறீங்க? பாவம்லா!" என்றார் அவர் மனைவி சலேத்.

"நேரா விட்டா நம்ம ஊதா கன்னத்து முள்ளால குத்திக் கிழிச்சிருவான். முதல்ல வந்தவனுக்கு எல்லாம் தன்னோடதுங்கிற நெனப்பு. ரெண்டும் முகம் பழகட்டும். அதுவரைக்கும் புதுசுக்கு இது ஜெயில்தான்" என்றார் இன்னாசி.

வெளியே மனிதர் பேசுவது மீன்களுக்குக் கேட்காது. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஊதாத்துரை புதுமீனைப் பார்த்தது. முள்ளை விரித்துக்கொண்டு பாய்ந்தது. டொக்! மூக்கு எதிலோ மோதியது. மறுபடி பாய்ந்தது. மறுபடியும் டொக்!

"ஆகா! என்னைத் தடுக்க மதில் சுவரே கட்டிக் கொடுத்திருக்காங்களா? இது அரண்மனை இல்லாம வேற என்ன!" என்று பொருமியது.

அதோடு போயிற்றா? சாப்பாட்டு நேரம் வந்தது. மற்ற மீன்கள் அலையில் அடித்துக்கொண்டு போகும் தீனியை முண்டியடித்துப் பிடித்தன. கனகாம்பரத்துக்கோ இன்னாசி ஒரு சிரிஞ்சில் தீனியை உறிஞ்சி, மூடியைத் திறந்து, வாய்க்கு நேராகவே விட்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதையே பார்த்தார். செல்போனில் படம் எடுத்தார். ஊதாத்துரை குறுக்கே நெடுக்கே நீந்திக் காட்டியது. அவர் தலையைச் சாய்த்து, அதைத் தாண்டிப் பெட்டியைப் பார்த்தார்.

ஊதாத்துரைக்கு வயிறு எரிந்தது. அன்று பாசி இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை.

அழுக்கெடுக்கப் போன இடத்தில் புலம்பியது. "பாத்தியா மீசை! நான் பொந்துல கிடக்கேன். நேத்து வந்தவளுக்குக் கண்ணாடி அரண்மனை! ஊட்டிவிட ஆளு!"

"அரண்மனையோ என்னவோ! அந்தப் புள்ள ஒரு தடவைகூட வெளியே வரலியே, கவனிச்சியா?" என்றது மீசை இறால்.

"விளக்கு அணைஞ்சதும் வருவா. ராணிங்க அப்படித்தான். வாசல் இல்லாத அரண்மனை எங்கயாவது உண்டா?"

"உனக்கு இக்கரைக்கு அக்கரை பச்சை. வாலைத் தூக்கு, அங்க ஒரு பூச்சி இருக்கு!"

ஊதாத்துரை வாலைத் தூக்கியது. மனம் மட்டும் பெட்டியிலேயே இருந்தது. இவளை எப்படி விரட்டுவது? மதிலைத் தாண்ட முடியாது. அப்போதுதான் அதற்கு அந்த யோசனை வந்தது. இந்த ஊரில் வெளியே போக ஒரே வழி, பவளத்தைக் கடிப்பது. அவள் கடிக்காவிட்டால் என்ன? அவள் கடித்ததாக ஆகிவிட்டால் போதாதா? யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு கடி. பழி புதிதாக வந்தவள் மேல்தான் விழும். தன் மூக்கு அறுந்தாலும் எதிராளிக்குச் சகுனத்தடை என்பார்களே, அந்த ரகம்.

மறுநாள் காலை, தொட்டி விளக்கு எரியும் முன்னே, ஊதாத்துரை பவளக்காவின் அருகே போனது. வீட்டுக்குப் பக்கம் என்பதால் அதையே தேர்ந்தெடுத்தது. வெடுக்கென்று ஒரு கடி!

"ஐயோ! ஏலே துரை, நீயா?" என்று அலறியது பவளக்கா.

"கத்தாதக்கா! உன் மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. அந்தக் கனகாம்பரத்தை விரட்டணும். ஒரே ஒரு கடிதான்!"

"அவ மேல உள்ள எரிச்சலுக்கு என் உடம்புதானா கிடைச்சுது? உன்னை நான் மறைச்சுக் காப்பாத்துனது இதுக்குத்தானா?"

ஊதாத்துரைக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வாயில் இருந்த சதை இனித்தது. பழி போட ஒரு கடி போதும். ருசிக்கு அது போதவில்லை. இன்னொரு கடி கடித்தது. பிறகு இன்னொன்று.

விளக்கு எரிந்தபோது பவளக்கா சுருங்கிப் போயிருந்தது. ஓர் ஓரத்தில் சதை கிழிந்து வெள்ளை எலும்பு தெரிந்தது.

சலேத்தான் முதலில் பார்த்தார். "என்னங்க, இங்க வாங்க! நம்ம பெரிய பவளத்தை ஏதோ கடிச்சு வச்சிருக்கு! புதுசா வந்ததோட வேலையா?"

இன்னாசி ஓடி வந்தார். "புதுசு எப்படிக் கடிக்கும்? அதுதான் பெட்டிக்குள்ள பூட்டிக் கிடக்கே. பவளம் கொத்துற இனத்துல வெளியே இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான்." அவர் முகம் வாடிவிட்டது. "ஊதா அப்படிப் பண்ணாதுன்னு நம்பியிருந்தேனே!"

"இன்னும் ஒரு வாட்டி பாக்கலாமாங்க?"

"ருசி கண்ட வாய் நிக்காது, சலேத். இவனை வச்சிருந்தா பவளம் ஒண்ணும் மிஞ்சாது."

உள்ளே இருந்த ஊதாத்துரைக்குப் பேச்சு கேட்கவில்லை. இன்னாசி நீட்டிய விரல் மட்டும் தெரிந்தது. அந்த விரல் பெட்டியைக் காட்டியது! அவ்வளவுதான், ஊதாத்துரை துள்ளிக் குதித்தது. நேராகப் பெட்டியருகே போனது.

"மூட்டை கட்டிக்கோ, மகாராணி! அரண்மனை வாசம் முடிஞ்சுது!"

கனகாம்பரம் அதை விழித்துப் பார்த்தது. "அரண்மனையா? எது? திரும்புனா வால் இடிக்குது. முன்னால போனா மூக்கு இடிக்குது. ஒளிய ஒரு சந்து இல்ல, மேய ஒரு பாசி இல்ல. நான் நாள் முழுக்க உன்னைத்தான் பாத்துட்டு இருக்கேன். நீ பொந்துக்குள்ள போறதும் வர்றதும்! எனக்கு அழுகையா வருது. உன் மேல எவ்வளவு பொறாமைன்னு உனக்குத் தெரியாது!"

"என் மேலயா? அரண்மனையில உக்காந்துக்கிட்டு நக்கல் வேற!" என்றது ஊதாத்துரை. கனகாம்பரம் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட அது நம்பவில்லை.

சாயங்காலம் இன்னாசி இன்னொரு பெட்டியைக் கொண்டுவந்தார். அதே போலத் தெளிவான பெட்டி. பாறை அடியில், ஊதாத்துரையின் பொந்துக்கு எதிரிலேயே வைத்தார். அதன் கதவு திறந்திருந்தது. கதவில் கட்டிய தூண்டில் நரம்பு மேலே அவர் கை வரை போனது. உள்ளே ஒரு துண்டு மட்டிச் சதை.

ஊதாத்துரை பொந்தை விட்டு வெளியே பாய்ந்தது. "எனக்கும் அரண்மனை! கடைசியில எனக்கும் கட்டிட்டாங்க!"

"துரை, கொஞ்சம் பொறு! நரம்பு ஒண்ணு தொங்குதே, அது என்னன்னு பாரு!" என்று கத்தியது மீசை இறால்.

"உனக்கும் பொறாமை வந்துட்டுதா மீசை? ஊருக்கே என் மேல பொறாமை!"

வேறு எந்த மீனும் அந்தப் பெட்டிக்குள் போகத் தயங்கியிருக்கும். சுற்றி வரும், முகர்ந்து பார்க்கும், ஓடிவிடும். இதைப் பிடிக்க நேரமாகும் என்று நினைத்துத்தான் இன்னாசி நாற்காலியில் உட்கார்ந்தார். ஆனால் ஊதாத்துரை ஊர்வலம் போவதுபோல் நிமிர்ந்து, துடுப்பை விரித்து, தானே உள்ளே போனது. கதவு இறங்கியது.

மட்டிச் சதையை விழுங்கிவிட்டு அது பெருமையாகத் திரும்பியது. வால் இடித்தது. முன்னால் போனது. டொக்! பக்கவாட்டில் போனது. டொக்! நாலு பக்கமும் சுவர். வாசல் எங்கேயும் இல்லை. அதன் பொந்தோ கண்ணுக்கு முன்னால் இருந்தது. போகத்தான் முடியவில்லை.

"பவளக்கா! பவளக்கா, என்னை மறைச்சுக்கோ!" என்று கதறியது.

பவளக்காவுக்கு உப்புவதற்குத் தெம்பில்லை.

மேலே இன்னாசி கனகாம்பரத்தின் பெட்டியைத் தண்ணீருக்குள்ளேயே சாய்த்தார். கனகாம்பரம் வெளியே வந்தது. முதலில் நம்ப முடியாமல் நின்றது. பிறகு பாறைகளைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தது. பாசியை ஒரு வாய் மேய்ந்தது. இருட்டத் தொடங்கியதும் படுக்க இடம் தேடி, பவளக்காவுக்குப் பின்னால் இருந்த பொந்தின் முன் வந்து நின்றது.

ஆனால் உடனே உள்ளே போகவில்லை. பெட்டியருகே வந்து தயக்கத்தோடு கேட்டது: "இந்தப் பொந்து உன்னோடதுதானே. நான் இதுல இருந்துக்கலாமா? நல்ல இடமா?"

ஊதாத்துரை பொந்தையே பார்த்தது. அத்தனை காலம் அதில் படுத்திருந்தும், அதை ஒருநாளும் அது இப்படிப் பார்த்ததில்லை.

"அதைவிட நல்ல இடம் இந்தக் கடல்லயே இல்ல!" என்று சொல்லி அழுதது.

அதற்குள் இன்னாசியின் கை தண்ணீருக்குள் வந்தது. பெட்டி மேலே போனது. வளர்ப்பு மீன் விற்கும் கடையில் பாறையும் இல்லாமல் பாசியும் இல்லாமல் வரிசையாக இருந்த தொட்டிகளில் ஒன்றில் ஊதாத்துரை போய்ச் சேர்ந்தது.

அடுத்தவர் இருக்கும் இடத்தைப் பார்த்து வயிறெரிகிறவர், தாம் இருக்கும் இடத்தின் அருமையை அதை இழந்த பிறகுதான் அறிவார்.