டெஸ்க்கில் கீறிய இரண்டு பெயர்கள்

"அந்த வினோலியாவை எம் பொண்ணு பக்கத்துல உட்கார வைக்காதீங்க சிஸ்டர், அவ ஒரு மாதிரி! இந்தக் கிளாஸ்ல என்னதான் நடக்குதுன்னே தெரியல. போன வாரந்தான் புதுசா காம்பஸ் வாங்கிக் குடுத்தேன், அதுக்குள்ள முள்ளு ஒடிஞ்சு கெடக்கு!"

தலைமையாசிரியை அறையில், அதே வகுப்பில் படிக்கும் வேறொரு பெண்ணின் அம்மா திலகவதி போட்ட சத்தத்தை ஓர் எழுத்து மாற்றாமல் எழுதியிருக்கிறேன். 'ஒரு மாதிரி' என்றால் எந்த மாதிரி என்று கேட்க அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை.

நடந்தது இதுதான். ஒன்பதாம் வகுப்பு மர டெஸ்க்கில் 'வினோ - மதுரா கல்யாணம்' என்று யாரோ ஆழமாகக் கீறியிருந்தார்கள். அன்றிலிருந்து வினோலியா எழுந்து நின்றாலே போதும், பெண்கள் டெஸ்க்கில் கெட்டிமேளம் தட்டுவார்கள். "மாப்பிள்ளை வந்தாச்சு, மாலை எங்கடி?" சிநேகிதி மதுரா பயந்துபோய் வேறு பெஞ்சுக்கு ஓடிவிட்டாள். வினோலியா தண்ணீர் குடிக்கக்கூட எழுவதில்லை.

அவளைக் காப்பாற்ற மூன்று பேர் கிளம்பினார்கள். வகுப்பாசிரியை ஃப்ளோரா டீச்சர் தச்சரைக் கூப்பிட்டு எழுத்தை இழைத்துத் தள்ள வைத்தார். "இனிமே இதைப் பத்திப் பேச்சே வரக் கூடாது" என்றார். தலைமையாசிரியை சிஸ்டர், அவளை முன்வரிசையில் தனி நாற்காலியில் உட்கார வைத்தார், டீச்சர் கண்ணெதிரே இருக்கட்டும் என்று. மேளம் இப்போது முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டது. அம்மா ரெஜினா, "உண்மையாடி? சொல்லித் தொலை" என்று மூன்று நாள் கேட்டார். நான்காம் நாள் டி.சி. வாங்க வந்துவிட்டார்.

மூவருக்கும் நல்ல எண்ணம்தான். இதில் யார் செய்தது சரி?

விடை: ஒருவருமில்லை. எழுத்தை அழித்தார்கள், பெண்ணை நகர்த்தினார்கள். கீறிய கையைத் தேடவில்லை. புது காம்பஸில் ஒரே வாரத்தில் முள் எப்படி ஒடியும்? திலகவதி எல்லோர் முன்னாலும் சொல்லியும் யார் காதிலும் ஏறவில்லை, அவர் காதில் உட்பட. சரி, எழுதியிருந்தது உண்மையாகவே இருந்தால்தான் என்ன? யார் குடி முழுகிப்போகும்? அதையும் யாரும் கேட்கவில்லை.

டி.சி. எழுதி முடித்த பிறகு வினோலியா ஒரே ஒரு தடவை வாய் திறந்தாள்.

"சிஸ்டர், நான் போறதுக்கு முன்னாடி கிளாஸுக்கு வந்து, நான் தப்பு எதுவும் பண்ணலைன்னு சொல்லுவீங்களா?"

சிஸ்டர் மேஜையில் முத்திரையைத் தேட ஆரம்பித்தார்.