கொடும்பாவிக்கு அழ வந்த மந்திரிகள்

மஞ்சள்கோட்டை ராஜாவுக்கு உலகாண்ட மல்லர் என்று பெயர். அவர் ஆண்ட உலகத்தைக் காலையில் நடக்கத் தொடங்கினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் சுற்றி வந்துவிடலாம். இருந்தாலும் சட்டம் போட எட்டு மந்திரிகள் இருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் பிரதானி அகோரமூர்த்தி.

ராஜாவைச் சிரிக்க வைக்கிற உத்தியோகத்தில் இருந்தவன் பூவராகன். அந்த வருஷம் அவனுக்கே சிரிப்பு வரவில்லை. மழை பொய்த்துப் போயிருந்தது. போதாக்குறைக்கு, ஊர்க்குளத்துக்கு வரும் வாய்க்காலை மந்திரிகள் மறித்து, அரண்மனைக்குள் அன்னப்பறவைகள் நீந்தத் தடாகம் நிரப்பியிருந்தார்கள். ஊர்க்குளம் வெடித்துக் கிடந்தது. அன்னங்கள் சௌக்கியமாக இருந்தன.

கீரை விற்கும் அங்கம்மாள் பூவராகன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"சாமி, பாத்தியெல்லாம் கருகிப் போச்சு. பிரதானிகிட்ட ஒத்தையாப் போய்ச் சொன்னேன். 'இது உன் ஒருத்தி கொறை, ஊர்க்கொறைன்னா ஊரே வரணும்'னாரு."

"சரிதானே, ஊரோடு போக வேண்டியதுதானே?"

"போனோமே! 'கூட்டம் கூடிட்டீங்க, இது கலகம்'னு சொல்லிப் பத்துப் பேரைப் பிடிச்சு உள்ள வச்சுட்டாரு. இனிமே ஊரைக் காலி பண்றதைத் தவிர வேற வழியில்ல சாமி."

பூவராகன் அப்போதே கிளம்பினான். ராஜாவிடம் போய்ச் சொன்னான்.

"ஊருக்குக் குறை இருந்தால் ஊர் வந்து சொல்லட்டுமே!" என்றார் ராஜா. "இதுவரை ஒருவரும் என்னிடம் வரவில்லையே?"

அதற்கு மேல் அவரிடம் பேசிப் பயனில்லை என்று பூவராகன் நேரே பிரதானியிடம் போனான்.

"கூட்டம் கூட யாருக்குமே அனுமதி இல்லையா?"

"கல்யாணத்துக்குக் கூடலாம். சாவுக்குக் கூடலாம்" என்றார் அகோரமூர்த்தி. "நாங்களும் மனிதர்கள்தானே."

அன்று மாலையே பூவராகன் வைக்கோல் வாங்கினான்.

மழை இல்லாத காலத்தில் வைக்கோலால் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுத்துப் போய், ஒப்பாரி வைத்து, கடைசியில் கொளுத்துவது நம் ஊர்களில் வழக்கம். யார் செய்த பாவத்தாலோ மழை நின்றுவிட்டது, அந்தப் பாவி ஒழிந்தால் மழை வரும் என்று கணக்கு. மஞ்சள்கோட்டையில் இன்னொரு வழக்கமும் உண்டு. இந்தச் சாவுக்கு ராஜாவும் மந்திரிகளும் வந்து நிற்க வேண்டும். வராதவர்தான் அந்தப் பாவி என்று ஊர் முடிவு கட்டிவிடும்.

மறுநாள் விடிந்ததும் ராஜாவும் எட்டு மந்திரிகளும் வந்துவிட்டார்கள்.

அரண்மனை வாசலுக்கு எதிரே இருந்த குளத்தங்கரையில் ஊரே திரண்டிருந்தது. சேவகர்கள் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சாவுக் கூட்டத்தைக் கலைக்க அவர்களுக்கு ஆணை இல்லை. அங்கம்மாள் தலையை விரித்துப் போட்டு மாரில் அடித்துக்கொண்டாள்.

"பாவி நீ போனதுக்கா அழுதோம்? பாத்தி கருகினதுக்கு அழுதோமே! அன்னத்துக்குத் தடாகம் வச்சவங்க ஆத்தாளுக்கு ஒரு கொடம் வைக்கலியே!"

அகோரமூர்த்தி நெளிந்தார். ஆனால் ஒப்பாரியை நடுவில் நிறுத்தச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? அவர் கொடும்பாவியை உற்றுப் பார்த்தார்.

"என்னய்யா, மீசை என் மீசை மாதிரி இருக்கிறது?"

"வைக்கோல் அப்படித்தான் வளைந்தது, பிரபு" என்றான் பூவராகன்.

கொள்ளி வைத்தார்கள். எரிந்து முடிந்தது. ராஜா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அரண்மனைப் பக்கம் திரும்பினார். வாசலில் புரோகிதர் இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

"மகாராஜா, சாவுக்குப் போய் வந்தவர்கள் தலை முழுகாமல் வாசற்படி மிதிக்கக் கூடாது."

"உள்ளே தடாகம் இருக்கிறதே."

"அதற்கு வாசற்படி தாண்ட வேண்டுமே!"

"குடத்தில் மொண்டு வரச் சொல்."

"மொண்டு ஊற்றினால் தீட்டுப் போகாது. முங்கி எழ வேண்டும். ஆற்றுக்கோ இரண்டு காதம் நடக்க வேண்டும். தீட்டோடு பல்லக்கிலும் ஏறக் கூடாது."

மந்திரிகள் குளத்தைப் பார்த்தார்கள். குளத்தில் ஓர் ஆடு நின்று அவர்களைப் பார்த்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

பிரதானி பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் வந்தார். "மகாராஜா, எங்கள் எட்டுப் பேருக்கும் ஒரு குறை. குளிக்கத் தண்ணீர் இல்லை."

"பிரபு!" என்று பதறினான் பூவராகன். "எட்டுப் பேர் சேர்ந்து குறை சொல்கிறீர்களே, அது கலகம் அல்லவா? சாவுதான் முடிந்துவிட்டதே!"

"அப்படியானால் நான் மட்டும் சொல்கிறேன்!"

"அப்போது அது உங்கள் ஒருவருடைய குறை."

ராஜா பிரதானியைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். ஊர் ஏன் தன்னிடம் வரவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. முகம் சிவந்துவிட்டது.

"அந்தச் சட்டத்தை யார் போட்டது?"

ஏழு மந்திரிகளும் பிரதானியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"போட்டவர்கள் இங்கேயே, இப்போதே, ஊர் பார்க்க ரத்து செய்யுங்கள். பிடித்து வைத்தவர்களை விடுங்கள். வாய்க்காலைத் திறங்கள்."

மந்திரிசபை வெறுந்தரையில் கூடியது. மஞ்சள்கோட்டையில் எந்தச் சட்டமும் அத்தனை சுருக்காக நிறைவேறியதில்லை. காவலர்கள் மதகைத் திறக்க ஓடினார்கள்.

ஆனாலும் தண்ணீர் வந்து சேர நேரம் பிடிக்குமே! அதுவரை எட்டு மந்திரிகளும் கரையில் உட்கார வேண்டியதாயிற்று. ஊராரும் எதிரில் உட்கார்ந்தார்கள். சுங்கச் சாவடியைப் பற்றி ஒருவர் சொன்னார், இடிந்த பாலத்தைப் பற்றி இன்னொருவர் சொன்னார். எழுந்து போக வழியில்லாததால் மந்திரிகள் எல்லாவற்றையும் கேட்டார்கள். அங்கம்மாள் மட்டும் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். வாய்க்கால் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் தண்ணீர் சலசலத்து வந்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த அழுகைக்குக் கொடும்பாவி தேவைப்படவில்லை.

ராஜா முங்கி எழுந்தார். மீசையில் நீர் சொட்ட, கழுத்தில் கிடந்த முத்துமாலையைக் கழற்றிப் பூவராகன் கழுத்தில் போட்டார். பிறகு அண்ணாந்து பார்த்தார். வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை.

"ஏன் பூவராகா, கொடும்பாவியைக் கொளுத்தியும் மழையைக் காணோமே?"

"மழை வருணபகவான் கையில் இருக்கிறது, மகாராஜா. அவர் எப்போது மனம் வைப்பாரோ!" என்றான் பூவராகன். "தண்ணீர் மந்திரிகள் கையில்தான் இருந்தது."

ராஜா சிரித்த சிரிப்பில் இன்னொரு முழுக்குப் போட்டார்.