பிணையாகப் போன பிள்ளை

நியாயம் பேசுவதில் கெட்டிக்காரர்கள் இருந்தால் கொஞ்சம் இப்படி வாருங்கள். ஒரு வழக்கு இருக்கிறது.

நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், அயர்லாந்தில் ஃபெலிம் என்றொரு சிற்றரசர். அந்நாட்டுப் பெரிய இடத்து வழக்கப்படி, தம் ஒரே மகன் கோர்மாக்கைக் கைக்குழந்தையாக இருக்கும்போதே, தமக்குக் கட்டுப்பட்ட டோனல் வீட்டில் வளரக் கொடுத்திருந்தார். டோனலுக்கும் மனைவி ஊனாவுக்கும் கோர்மாக்கைவிட நாலு மாதம் மூத்த ரூரி என்றொரு பிள்ளை. வளர்ப்புப் பிள்ளைக்கு ஓர் ஆபத்து வந்தால் வளர்த்தவர் ஊரில் தலைகாட்ட முடியாது. அங்கே அதுதான் முறை.

பையன்களுக்குப் பதினான்கு வயதானபோது, ஃபெலிம் கலகம் செய்யாதிருக்க அவர் மகனைப் பிணையாகக் கேட்டு ஆங்கிலேய அதிகாரி வந்தார். அந்த மனிதருக்கு எந்தப் பையன் யாரென்று தெரியாது. டோனல் கைகாட்டினார். காட்டியது ரூரியை! ஊனா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"ஃபெலிம் வாளெடுத்தால் இவனுக்குத் தூக்கு" என்று சொல்லிவிட்டு அதிகாரி குதிரையேறினார்.

மூன்றாண்டுகளில் ஆங்கிலேயர் ஊர் ஊராக நிலத்தைப் பிடுங்கினார்கள். சனம் பட்டினியில் செத்தது. மகனை நினைத்து ஃபெலிம் அசையவேயில்லை. பார்க்கப் பொறுக்காமல் டோனல், ஊனாவையும் அழைத்துப் போய் ஃபெலிமிடம் உண்மையைச் சொன்னார்.

"ஐயா, சிறையில இருக்கிறது என் மகன். நீங்க புறப்படுங்க."

"அடப் பாவி மனுஷா!" என்று ஊனா அலறினாள். "கோர்மாக்கைக் காப்பாத்தத்தானே கொடுத்தேன்? சாகவா கொடுத்தேன்?"

ஃபெலிம் சொன்னார்: "ஒரு பிள்ளைக்காக ஆயிரம் பிள்ளைகளைச் சாகவிட முடியாதம்மா."

"உங்க பிள்ளைன்னு நினைச்சப்போ முடிஞ்சுதே, ஐயா?"

ஃபெலிம் படை திரட்ட ஆணையிட்டார்.

இதைக் கேள்விப்பட்ட கோர்மாக் யாரிடமும் சொல்லாமல் ஆங்கிலேயர் கோட்டைக்குப் போனான். "நான்தான் ஃபெலிமின் மகன். என் அண்ணனை விடுங்க" என்றான். விசாரித்து உறுதி செய்துகொண்டு, அவனை உள்ளே அடைத்து ரூரியை அனுப்பிவிட்டார்கள். செய்தி வந்தபோது ஃபெலிமின் படை புறப்படத் தயாராக நின்றது.

சொல்லுங்கள். டோனல், ஃபெலிம், கோர்மாக், இந்த மூவரில் யார் செய்தது சரி?

என்னைக் கேட்டால் கோர்மாக்தான். டோனலும் ஃபெலிமும் பணயம் வைத்தது ரூரியின் உயிரை. அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் கழுத்தைத் தானே நீட்டியவன் கோர்மாக் ஒருவன். ஃபெலிமைப் பற்றி இப்போதே தீர்ப்புச் சொல்ல முடியாது. தம் மகனே பிணையென்று தெரிந்த பிறகும் படையோடு கிளம்பினால் அவர் சொன்னது நியாயம். கலைத்துவிட்டு வீட்டுக்குப் போனால், ஊனா கேட்டதற்கு அதுதான் பதில்.