நாரைப்பாடியில் முழங்காத நாற்பது மேளம்

முன்னொரு காலத்தில் தென்சீமையை வீரகண்டன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். குணம் தங்கம்தான். ஆனால் போகிற இடமெல்லாம் மேளம் முழங்க வேண்டும். அவனுக்கு முன்னால் பட்டப்பெயர்களைக் கூவிக்கொண்டு போகிற கட்டியங்காரன் சடையநம்பி. ராஜா சாப்பாட்டில் உட்கார்ந்து நாரைப்பாடி அரிசியைப் புகழ்ந்தால், தன் குரலைப் புகழவில்லையே என்று நம்பிக்கு வயிறு எரியும்.

ஒருநாள் மெல்லப் பற்றவைத்தான். "மகாராஜா, நாரைப்பாடிக்காரர்களுக்குத் திமிர். ஏரி மரங்களில் நாரை அடைகாக்கிறதாம், அதனால் இந்த மாசங்களில் ஊரில் மேளமே கிடையாதாம். தாங்கள் போனாலும் அடிக்க விடமாட்டார்களாம்."

"நாற்பது மேளத்தோடு புறப்படுவோம். தடுத்தால் ஏரி மரங்களை வெட்டிவிடு," என்றான் ராஜா.

ஏரிக்கரையில் மடை திறக்கிற காத்தாயி எதிரே வந்து கும்பிட்டாள். மரமெல்லாம் நாரைகள் அடைகாத்துக் கிடந்தன. மேளம் அதிர்ந்தால் அத்தனையும் எழும்பும், முட்டை உருண்டு விழும், மிச்சத்தைக் காக்காய் தின்னும்.

"அடிக்கட்டும் மகராசா. முதல்ல இந்த ஐயா கட்டியம் கூறட்டுமே. அதோ, ஓரத்துக் கருவேலமரத்தடி. அங்கே நின்னாத்தான் அவருக்கு மரியாதை."

நம்பி உருகிப் போனான். மரத்தடியில் நின்று நெஞ்சை நிமிர்த்தி, "ராஜாதி ராஜ" என்றான். அவ்வளவுதான். மரத்து நாரையெல்லாம் குபீரென்று எழும்பின. தலைப்பாகை, மீசை, பட்டு அங்கவஸ்திரம், எல்லாம் வெள்ளை. மிச்சப் பட்டத்தைச் சொல்ல வாயைத் திறக்கவே பயந்து நின்றான்.

ராஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"இது ஒரு குரலுக்கு, மகராசா," என்றாள் காத்தாயி. "அந்த மரத்துல இருக்கிறது இன்னும் ஜோடி சேராத இளவட்டம், நூறு இருக்கும். முட்டை கிடையாது, அதான் ஐயாவை அங்கே நிறுத்தினேன். மத்த மரத்துல பல்லாயிரம் இருக்கு. மேளமோ நாற்பது."

ராஜா தன் வெண்பட்டைக் குனிந்து பார்த்தான். "ஏன் தாயே, என் மேல் பிரியம் இல்லையா?"

"என் மக கல்யாணத்துக்கே மேளம் இல்லை. சம்பந்தி வீட்டார் ஒரு வாரம் முகம் கொடுக்கலை. பெத்த மகளுக்குச் செய்யாததை உங்களுக்குச் செஞ்சா அவ என்னைச் சும்மா விடுவாளா? நீங்க ருசிச்சுச் சாப்பிடுற அரிசியும் இந்த எச்சம் கலந்த தண்ணியில விளைஞ்சதுதானே."

ராஜா செருப்பைக் கழற்றினான். நாற்பது பேரும் மேளத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பூனை நடை நடந்தார்கள்.

"குஞ்சுகள் பறக்கிறவரை இந்த ஏரிப்பக்கம் யாரும் மேளத்தைத் தொடக்கூடாது. நம்பி, நீ இங்கேயே இருந்து காக்காய் விரட்டு. கத்தாமல்," என்றான் ராஜா.

மூன்று மாசம் நம்பி கையை வீசி வீசியே காக்காய் விரட்டினான். கடைசிக் குஞ்சு பறந்தபின் அரண்மனைக்குத் திரும்பி, ராஜா அவைக்குள் நுழைகையில் கட்டியம் கூறினான். ஒருவர் காதிலும் விழவில்லை. ராஜாவே கிட்டே போய், "என்ன சொன்னாய்?" என்று கேட்டான்.

"தாங்கள் வந்துவிட்டீர்கள் என்று சொன்னேன், மகாராஜா."