ராஜா பள்ளிக்கூடத்தைச் சோதித்த கதை

முன்னொரு காலத்தில் வாகைநாட்டைத் திருமேனிராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் குளிக்கப் போகும்போது ஒன்று நினைப்பார். தலை துவட்டி வருவதற்குள் அது சட்டமாகிவிடும்.

ஒருநாள் சபையில் திடீரென்று, "தலைநகரில் எத்தனை பள்ளிக்கூடம் இருக்கிறது?" என்று கேட்டார்.

"சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு, மகாராஜா," என்றார் அமைச்சர் பொன்னப்பர். "கோட்டைக்குள் ஒன்று, குயவர் தெருவில் ஒன்று."

"எது நல்ல பள்ளிக்கூடம்?"

யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

"பார்த்துச் சொல்லுங்கள். நல்லது இருக்கட்டும், மற்றதை மூடிவிடலாம்."

கோட்டைப் பள்ளியை மேற்பார்வையிட்டுவந்தவர் கொண்டல்நாதர் என்ற பிரபு. ராஜா எதற்கெடுத்தாலும் பொன்னப்பரையே கேட்கிறாரே என்று அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். "அந்தப் பொறுப்பை எனக்குக் கொடுங்கள், மகாராஜா," என்று முந்திக்கொண்டார்.

ஒரு வாரத்தில் ஓலையோடு வந்து வாசித்தார். கோட்டைப் பள்ளிக்குப் பன்னிரண்டு கல்தூண். குயவர் தெருவில் இருப்பதோ ஒரு கீற்றுக்கொட்டகை. கோட்டைப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னால் கோயில்வரை கேட்கும். குயவர் தெருவிலோ ஆளுக்கொரு மூலையில் புளியங்கொட்டையை வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்.

"அதைவிட மோசம், மகாராஜா. வாத்தியாரையே எதிர்க்கேள்வி கேட்கிறார்கள்."

"சரி, அதை மூடிவிடுங்கள்," என்றார் ராஜா.

குயவர் தெரு வாத்தியார் சிங்காரத்தை வரவழைத்துச் செய்தியைச் சொன்னார்கள். "எங்கள் பிள்ளைகளைக் கோட்டைக்குள் சேர்க்கமாட்டார்கள், மகாராஜா. நாளைக்கே முப்பது பேரும் பானைக்கு மண் மிதிக்கப் போய்விடுவார்கள்," என்றார் அவர்.

ராஜாவின் முகம் லேசாக மாறியதைப் பொன்னப்பர் கவனித்தார்.

"கொண்டல்நாதர் கட்டடத்தைப் பார்த்துவிட்டார், சத்தத்தையும் கேட்டுவிட்டார். பிள்ளைகளைத் தாங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்களேன். நாளைக் காலை இரண்டு பள்ளியும் சபைக்கு வரட்டும். ஒரே ஒரு கணக்கு கேட்டால் போதும்," என்றார்.

"என்ன கணக்கு?"

"ஊர்வலத்தில் தாங்கள் குதிரைகளை நிறுத்துகிற கணக்கு. விடையையும் தாங்களே சொல்லிவிடுங்கள். சரியா என்று மட்டும் கேளுங்கள்."

கொண்டல்நாதர் சிரித்துவிட்டார். "விடையைச் சொல்லிவிட்டு ஒரு சோதனையா?"

"அதுதான் சோதனை," என்றார் பொன்னப்பர்.

மறுநாள் காலை ஒரு பக்கம் கோட்டைப் பிள்ளைகள் பட்டுத்துண்டோடு நின்றார்கள். எதிர்ப்பக்கம் குயவர் தெருப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏழு வரிசை. வரிசைக்கு எட்டுக் குதிரை," என்றார் ராஜா. "ஆக மொத்தம் ஐம்பத்து நான்கு. சரியா?"

பெரியவர்கள் யார் முகமும் மாறவில்லை. கோட்டைப் பிள்ளைகள் ஒரே குரலில், "சரி, மகாராஜா," என்றார்கள். கொண்டல்நாதர் மீசையைத் தடவிக்கொண்டார்.

எதிர்ப்பக்கத்திலிருந்து பேச்சி என்ற ஏழு வயதுப் பெண் எழுந்தாள். "கொஞ்சம் இருங்க. வச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்."

மடியிலிருந்த புளியங்கொட்டைகளைத் தரையில் கொட்டினாள். எட்டெட்டாக ஏழு வரிசை வைத்தாள். உதடு அசைய எண்ணினாள்.

"ஐம்பத்தாறு வருதுங்க. உங்களுக்கு ரெண்டு விட்டுப்போச்சு போல."

"ராஜாவுக்கே தப்பு சொல்கிறாயா?" என்று கொண்டல்நாதர் அதட்டினார்.

பேச்சி வாத்தியாரைப் பார்த்தாள். சிங்காரம் குரலை மாற்றாமல், "இன்னொரு தரம் எண்ணிப் பாரம்மா. தப்பா இருந்தா மாத்திக்கலாம்," என்றார்.

அவள் மறுபடியும் எண்ணினாள். "அதேதாங்க."

ராஜா சிம்மாசனத்தைவிட்டு இறங்கி வந்து தரையில் குந்தினார். ஒவ்வொரு கொட்டையாகத் தொட்டு எண்ணினார். ஐம்பத்தாறு. தலையைத் தூக்கிக் குதிரைப்படைத் தலைவரைப் பார்த்தார்.

"ஐம்பத்து நான்கு குதிரைதானே நான் கேட்பேன்? கடைசி வரிசை எப்படி நிறைந்தது?"

"பின்னாலிருந்து இரண்டைச் சத்தமில்லாமல் கொண்டுவந்து நிறுத்திவிடுவோம், மகாராஜா."

ராஜா கோட்டைப் பிள்ளை ஒருவனை அருகே அழைத்தார். "ஏழெட்டு எத்தனை?"

"ஐம்பத்தாறு, மகாராஜா."

"தெரிந்துமா சரி என்றாய்?"

"பெரியவங்க சொன்னா சரின்னுதான் சொல்லணும். இல்லைன்னா அடி விழும்."

ராஜா அவன் தலையைத் தடவிக்கொடுத்து அனுப்பினார். எழுந்தபோது உத்தரவு மாறியிருந்தது.

"எந்தப் பள்ளியையும் மூட வேண்டாம். கோட்டைப் பிள்ளைகளும் ஒரு தப்பும் செய்யவில்லை. இனி சிங்காரம் வாத்தியார்தான் இரண்டு பள்ளிக்கும் பொறுப்பு. குயவர் தெருப் பிள்ளைகள் வந்து கேட்டால் கோட்டைக்குள்ளும் சேர்க்க வேண்டும். கொண்டல்நாதரே, நீங்கள் மூன்று மாதம் குயவர் தெருக் கொட்டகையில் போய் உட்காருங்கள். கடைசி வரிசையில்."

பேச்சி அவர்மேல் இரக்கப்பட்டு, "எங்க வாத்தியார் அடிக்க மாட்டாருங்க," என்றாள்.

சபை கலைந்தது. ராஜா பொன்னப்பரை நிறுத்திக்கொண்டார்.

"உமக்கு இது எத்தனை வருஷமாகத் தெரியும்?"

"பதினோரு வருஷமாக."

"ஏன் சொல்லவில்லை?"

பொன்னப்பர் தலை குனிந்தார். "நானும் கோட்டைப் பள்ளியில் படித்தவன்தான், மகாராஜா. ஒரு குழந்தையை விட்டுச் சொல்லவைத்தேனே தவிர, எனக்கு வாய் வரவில்லை."

ராஜா மெதுவாகக் கேட்டார். "வேறு என்னென்ன தப்பு செய்துகொண்டிருக்கிறேன்?"

அமைச்சர் யோசித்தார். நெடுநேரம் யோசித்தார்.

"உட்கார்ந்து சொல்லலாமா, மகாராஜா?"

"உட்காரும்," என்றார் ராஜா. தாமும் அவருக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.