ஆடாத மிஷின்

சீடர் என்றதும் மீசை முளைக்காத பையனை நினைத்துக்கொள்ள வேண்டாம். நம் சீடர் திருமூர்த்திக்கு அறுபத்து மூன்று வயது. கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். குரு ஜமுனாவுக்கு நாற்பத்தொன்று. பொள்ளாச்சியில் பழைய உடற்பயிற்சி மிஷின்களைச் சரி பண்ணி விற்கிற பட்டறை வைத்திருக்கிறார்.

ஒரு காலை சீடர் நோட்டும் பேனாவுமாக வந்து நின்றார்.

"அம்மிணி, எலிப்டிகல் மிஷின்ல எது நல்லது, எது தண்டம்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? எனக்குக் கத்துக்குடு."

எலிப்டிகல் என்பது நின்ற இடத்திலேயே நடக்கிற மிஷின்; பாதத்தை மிதிக்கட்டையிலிருந்து எடுக்காமலே நடக்கலாம். முட்டியில் அதிர்வு இறங்காது. சீடரின் மனைவி துளசிமணிக்கு முட்டி ஆபரேஷன் ஆகி நாலு மாசம். தினம் அரைமணி நேரம் இதில் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர்.

"ஏற்கெனவே ஒண்ணு வாங்குனீங்களே சார்?"

"வாங்கினேன். இருபத்திநாலு விதமா இறுக்கலாம், நாடித்துடிப்பு காட்டும், பாட்டுகூடப் பாடும். எல்லாத்தையும் படிச்சுப் பார்த்துத்தான் வாங்கினேன்."

"இப்ப?"

"அதுமேல ஈரத்துண்டு காயுது."

மூன்றாம் நாளே அது ஒரு பக்கமாக ஆட்டம் காண, துளசிமணி கைப்பிடியைக் கட்டிக்கொண்டு அலறிவிட்டார். இன்னொரு மிஷினும் இப்படி ஆடினால் ஜென்மத்துக்கும் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நடக்காவிட்டால் முட்டி இறுகிப்போகும் என்கிறார் டாக்டர். அந்தக் கவலையில் சீடர் நாலு நாளாக அரைகுறையாகத்தான் சாப்பிடுகிறார், பாவம்.

ஜமுனா அவர் கையிலிருந்த நோட்டை வாங்கி மேஜைக்குள் வைத்து மூடினார்.

"உங்க வீட்டம்மா உயரத்துக்கு இந்த மூணுதான் ஒத்துவரும். நீங்களும் அவங்க உயரந்தானுங்களே. செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க."

ஏறினார்.

"நடந்துக்கிட்டே அம்மாவைப் பத்திச் சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்றது?"

"எதையாச்சும் சொல்லுங்க."

"அவளுக்கு ஊரு உடுமலை. கல்யாணம் ஆன புதுசுல..." சீடர் நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். "கீழே என்னமோ கடகடங்குது."

"இறங்குங்க."

அடுத்தது புத்தம்புதுசு போல இருந்தது. கண்ணுக்கு நேரே பெரிய திரை, அதில் பச்சையும் சிவப்புமாக எண்கள்.

"கல்யாணம் ஆன புதுசுல நாங்க ஆழியாறுல... இதென்ன, தொண்ணூத்தெட்டு காட்டுது?"

"இறங்குங்க."

மூன்றாவதைப் பார்த்ததும் சீடர் முகம் சுளித்தார். திரையில் நேரம் மட்டும்தான் தெரிந்தது.

"மிதிக்கட்டை ரப்பரெல்லாம் தேய்ஞ்சு கிடக்கு அம்மிணி."

"யாரோ தினமும் ஏறியிருக்காங்க. ஏறுங்க சார்."

அரைமனதாக ஏறினார்.

"ஆழியாறுல வீடு. எனக்கு வால்பாறையில வேலை. விடியாலே அஞ்சு மணிக்குப் பஸ். ரோட்டுல அஞ்சாறு நாய் கிடக்கும். எனக்கு நாயின்னா சின்ன வயசுலருந்தே பயம். யாருகிட்டயும் சொன்னதில்ல. அவளே கண்டுபிடிச்சுட்டா. டார்ச்சும் கையில ஒரு குச்சியுமா பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வருவா. என்னை ஏத்திவிட்டுட்டுத் தனியா திரும்பிப் போவா. மழையின்னும் பார்க்கல, பிள்ளைத்தாச்சியா இருந்தப்பவும் நிக்கல. ஒன்பது வருஷம் அம்மிணி. பயந்தாங்கொள்ளின்னு ஒரு நாள்கூடக் கேலி பண்ணல. நானும் நல்லா இருடீன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல. சொல்லணும்னு தோணவே இல்ல, பாரு."

சொல்லிக்கொண்டே போனார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. கால் எங்கும் நிற்கவில்லை.

சொல்லி முடித்துத் துண்டால் கண்ணைத் துடைத்தபோதுதான் சீடர் திரையைப் பார்த்தார். இருபத்திரண்டு நிமிஷம் ஆகியிருந்தது.

"ஆடுச்சுங்களா சார்?"

சீடர் யோசித்தார். "தெரியலையே. நான் மிஷினைக் கவனிக்கவே இல்ல." பிறகு மெல்லக் கேட்டார், "அப்ப இதுதான் நல்ல மிஷின்னு முடிவு பண்ணிரலாமா?"

ஜமுனா மேஜையைத் திறந்து நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அதில் ஒரு எழுத்தும் எழுதியிருக்கவில்லை.

"அதை நான் எப்படிங்க முடிவு பண்றது? கொண்டுபோயி அம்மாவை ஏத்துங்க. இவ்வளவு நேரம் என்கிட்டச் சொன்னீங்கல்ல, அதைப் பக்கத்துல நின்னு அவங்ககிட்டச் சொல்லுங்க. நீங்க சொல்லி முடிக்கற வரைக்கும் அவங்க இறங்கலீன்னா, மிஷின் நல்ல மிஷினுங்க."